ஏழடிக் கம்பி

எழுபத்திரண்டாயிரம் என்றார் ஞானதுரை.
வில்லாபுரம் ஹவுசிங் போர்டு,
தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றது:
டாடா இண்டிகோ மெரினா, டீசல்,
இரண்டாயிரத்து எட்டு.
ஆற்றில் தண்ணீர் வந்தால்
பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊரில்
கடற்கரைப் பெயரோடு ஒரு கார்.

முதுகு நீளம். கூரை இறங்காமல்
கடைசிவரை நேராகப் போகிறது.
"பொணம் ஏத்துற வண்டி மாதிரி இருக்குக்கா"
என்றான் வீரணன்.
நான் இஞ்சு டேப்பை எடுத்தேன்.

என் பிழைப்பு திரைச்சீலை.
புதுக் குடித்தனக்காரர்களின் வெயிலை அளந்து,
தைத்து, சுவரில் துளை போட்டு மாட்டிக்கொடுப்பது.
துணி மடங்கும்.
கம்பி மடங்காது.
ஷேர் ஆட்டோவுக்கு வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டு வரும்,
நுனியில் சிவப்பு வெட்டுத்துணி கட்டி.
கோரிப்பாளையத்தில் ஒருநாள்
டவுன் பஸ்ஸின் கண்ணாடியை லேசாகத் தொட்டது.
தொட்டதற்கு எண்ணூறு ரூபாய்.
வசவு தனி.

சிக்கந்தர் மெக்கானிக் வந்தார், சிரிக்கவில்லை.
பானட்டைத் திறந்து, காது வைத்து,
கீழே படுத்து,
டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினார்.
உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.
அதன் வழியே தரை தெரிந்தது,
தரையில் எறும்புகள் தம் வேலையாகப் போய்க்கொண்டிருந்தன.
"டைமிங் பெல்ட், புஷ்ஷு, பேட்டரி.
ஏசி பேருக்கு இருக்கு.
இருபத்தெட்டுல ஆர்சி முடியுது.
குதிரை வாங்குன காசுக்கு
லாடமும் அடிக்கணும்மா."

"சிங்கிள் ஓனர்" என்றார் ஞானதுரை,
அதற்கு மேல் ஒரு வாதமும் தேவையில்லை என்பதுபோல.
மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே
அவர் மனைவி கேட்டார்:
"மழை நாள்ல ஸ்டார்ட் ஆகாதுன்னு சொல்லிட்டீங்களா?"
அவர் அண்ணாந்து அவரைப் பார்க்கவில்லை,
வானத்தைப் பார்த்தார்.
"மதுரையில எங்கம்மா மழை?"

ரிங் ரோட்டில் ஓட்டினேன்.
நாற்பதில் ஸ்டியரிங் நடுங்குகிறது.
அறுபதைத் தாண்டினால் நடுக்கம் நின்று
கார் வேறு யாரோ ஆகிவிடுகிறது.
செல்லூருக்கும் ஆனையூருக்கும் நடுவே
எங்கே போய்த் தாண்டுவது அறுபதை?

திரும்பி வந்து பின்சீட்டைச் சாய்த்தோம்.
கதவிலிருந்து டேஷ்போர்டு வரை
மூலைக்கு மூலை டேப்பை இழுத்தான் வீரணன்.
ஏழடி இரண்டு அங்குலம்.
ஆட்டோவிலிருந்து ஒரு கம்பியை எடுத்துவந்து
சாய்த்து வைத்தேன்.
கதவைச் சாத்தினேன்.
சாத்திக்கொண்டது.
சிவப்புத் துணி கையிலேயே இருந்தது,
என்ன செய்வதென்று தெரியாமல் முகம் துடைத்தேன்.

சீட்டு எடுத்தால் ஐம்பது வரும்.
ஆனையூர் அபார்ட்மெண்ட்காரர்
பதினெட்டு பாக்கி. "அடுத்த வாரம்" என்று
ஐந்து வாரமாகச் சொல்கிறார்.
அறுபத்தெட்டு.
பெல்ட்டை இதில் எங்கும் சேர்க்கவில்லை.
"காலையில சொல்றேன் சார்."

ராத்திரி எட்டு மணிக்கு
எங்கள் சந்தை அளந்தோம்.
காரின் அகலம் ஐந்தடி நான்கு, கண்ணாடிகளை மடக்கினால்.
முக்கில் ஆறடி.
டிரான்ஸ்பார்மர் பக்கம் ஐந்தடி எட்டு.
சவரியம்மாள் வீட்டு வாசற்படியில்
ஐந்தடி மூன்று.
இன்னொரு தடவை அளந்தோம்.
மூன்றுதான்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.
"சாக்கடையா, ரோடா?"
"வீட்ட இடிப்பாங்களாமா?"
"கார்ப்பரேசன்ல இருந்து ராத்திரியில வருவாங்களா என்ன?"
வீரணன் டேப்பின் நுனியை மிதித்தபடி
அதிகாரி போல நின்றான்.

சவரியம்மாள் வெளியே வந்தார்.
படியின் முனை ஏற்கெனவே சிதைந்திருந்தது,
சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் போதும்.
அதை எப்படிக் கேட்பது என்று யோசித்தபடி
நிமிர்ந்தேன்.
தெருவிளக்கு நேராக
அவர் வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது.
ஜன்னலில் ஒரு பழைய லுங்கி,
இரண்டு ஆணி.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றேன்.
அகலம் மூன்றடி.
உயரம் நான்கேகால்.